சித்திரத்துக்கும் ஒரு தாளம்

(இளைஞர் மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இணையத்தில் ஓடும் கார்ட்டூன் படங்களைச் செய்ய விரும்பும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள் கூற விழைகிறேன். இது நமக்கு எதற்கு என்று பெரியோர்கள் எண்ண வேண்டாம். காமன் கூத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தப்பின் அடி ஒரு வழியும் ஆடுபவர் கால் வேறு வழியும் போனால் கூத்து என்னாகும்? சித்திரப் படத்துக்கும் அத்தகைய தாளம் உண்டு. ஒரு விநாடிக்கு எத்தனை படங்கள் மாறுகின்றன என்பதே அது. அதனைப் பிரேம் ரேட் என்பர்.

1920களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது, சினிமாவுக்கு விநாடிக்கு 24 படம் என்ற கணக்கு நிலைபெற்றது. தொலைக்காட்சிக்கோ மின்சாரமே கணக்கு வகுத்தது. நமது நோட்டன் பிரிட்ஜில் 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின் நிலையம் தரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, நாடெங்கும் அதுவே. அதில் பாதியாகிய 25, 1982இல் தொடங்கிய ரூபவாஹினியின் கணக்காயிற்று. 60 சுற்றுள்ள அமெரிக்காவில் அது 30. 1953இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு விதி வகுத்தபோது 29.97 ஆயிற்று.

இணையத்தில் எந்தக் கணக்கும் ஓடுமே என்பீர்கள். ஓடும், ஆனால் கலந்தால் கெடும். ஒரு நிமிடப் பாட்டுக்கு 24 வீதம் 1,440 படங்கள். அவற்றையே 25 வீதம் ஓட்டினால் 57.6 விநாடியில் முடிந்துவிடும். பொம்மை வாயை மூடிய பின்னும் பாட்டு 2.4 விநாடி ஒலிக்கும்! மென்பொருளே சரிசெய்யட்டும் என்று விட்டால், அது சில படங்களை இரட்டிக்கும், சிலவற்றை விழுங்கும், ஓட்டம் திக்கும்.

ஆகையால் முதற்கோடு கீறுமுன் கணக்கை முடிவு செய்யுங்கள். மின்விளக்கின் கீழ் இங்கு எடுத்த காட்சியைச் சேர்ப்பதானால் 25 நன்று; 30இல் எடுத்தால் விளக்கின் துடிப்பு கோடுகளாக ஊர்வதுண்டு. கைத்தொலைபேசி வெளிச்சத்துக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளக் கூடியது. அதில் எடுத்ததை ஒரே வேகத்துக்கு மாற்றிய பின்பே சேருங்கள். வெறும் சித்திரமானால் 24 போதும். 12 படம் வரைந்து ஒவ்வொன்றையும் இருமுறை காட்டுவது பழைய சித்திரக்காரர் கண்ட சிக்கனம்.

அடுத்தது கோப்பு. தேயிலைப் பெட்டியை மட்டும் பார்த்து உள்ளிருப்பது பிஓபியா டஸ்டா என்று கூற இயலுமா? எம்பி4 என்பதும் பெட்டியே. உள்ளே காட்சியைச் சுருக்கிய முறை எது என்று பாருங்கள். எச்.264 முறையானால் ஏறக்குறைய எல்லாத் தொலைபேசியிலும் ஓடும். விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் ஒரு நிமிடப் படம் 15 மெகாபைட். பார்ப்பவர் டேட்டாவுக்குக் காசு கொடுக்கிறார் என்பதை மறவாதீர்கள். தேவையின்றி 60 படம் வைத்துக் கோப்பைப் பெருக்காதீர்கள்.

சுருக்கிய கோப்பை மீண்டும் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் தெளிவு குறையும். எனவே மூலப்படங்களைப் பிஎன்ஜி வரிசையாக எண்ணிட்டுத் தனியே காத்து வையுங்கள். பிளாஷ் முறையில் உலகெங்கும் எத்தனையோ இணையச் சித்திரங்கள் எழுந்தன. 2020 டிசம்பர் 31உடன் அதற்கு ஆதரவு நின்றது. இணைய உலாவிகளில் அவை ஓடாமற் போயின. மூலத்தைக் காத்தவருக்கு மறுபடி செய்ய வழியிருந்தது. மற்றவர் பலரின் உழைப்பு மறைந்தது.

நம் பாட்டிமார் கதைகளையும் மலைநாட்டுப் பாடல்களையும் நாளை நீங்கள் படமாக்கலாம். அவை ஒரு தொலைபேசியோடு அழிந்துவிடலாகாது. லயத்தில் பிறந்த நமக்கு லயம் கைவராதா? கணக்கை முன்னே வையுங்கள். மூலத்தைக் காத்து வையுங்கள்.