இலையில் பிறக்கும் செடி



காளிகாட்டில் பலருக்குத் தோட்டம் போட இடம் இல்லை. மொட்டை மாடி இருக்கும். அல்லது சன்னல் ஓரம் இருக்கும். அது போதும். ஓர் இலை இருந்தால் செடி வளர்க்கலாம்.

அதன் பெயர் ரணகள்ளி. வங்காளிகள் 'பாதர்குச்சி' என்பார்கள். இதன் தடித்த இலை தண்ணீரைச் சேர்த்து வைக்கும். அதனால் வெயிலைத் தாங்கும். இதன் உறவுச் செடி ஒன்று ஐரோப்பாவில் கூரைமேல் வளர்கிறது. அது பனியையும் தாங்கும். ஆனால் கொல்கத்தாவின் வெக்கையிலும் மழையிலும் அழுகிவிடும். நமக்கு ஏற்றது ரணகள்ளிதான்.

எப்படி வளர்ப்பது? பழைய டப்பாவின் அடியில் ஓட்டை போடுங்கள். மண்ணும் மணலும் கலந்து நிரப்புங்கள். முற்றிய இலை ஒன்றை ஈர மண்மேல் படுக்க வையுங்கள். புதைக்க வேண்டாம். சில வாரங்களில் இலையின் ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைக்கும். வேர் விட்டதும் பிரித்து நடுங்கள்.

மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் கூரை ஓரத்துக்கு மாற்றுங்கள். தொட்டியின் கீழ்த் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறக்கும். ரணகள்ளி இரவில் திறக்கும். பகலில் மூடித் தண்ணீரைக் காக்கும். இரவில் இழுத்த காற்றைப் புளிப்பாக மாற்றி வைக்கும். அதனால் இலை காலையில் புளிக்கும். மாலையில் புளிப்பு இருக்காது. பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியர் இதைக் கவனித்தார். அவர் நம் தரங்கம்பாடிக்குக் கிறிஸ்தவ சபைப் பணிக்காக வந்தவர். அவர் எழுதியது 1815இல் அச்சில் வந்தது.

நாம் தின்று பார்க்க வேண்டாம். சிறுநீரகக் கல் கரையும் என்று சிலர் இந்த இலையைத் தின்கிறார்கள். இதில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆடு மாடு மேய்ந்தாலும் ஆபத்து. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இடுப்பு வலி வந்தால், சிறுநீரில் ரத்தம் கண்டால், உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இலையை நம்பி நாளைக் கடத்தினால் சிறுநீரகமே கெட்டுப் போகலாம்.

இன்றே ஓர் இலை வையுங்கள். வைத்த தேதியை நோட்டில் எழுதுங்கள். குட்டி முளைத்த தேதியையும் எழுதுங்கள். எத்தனை நாள் ஆயிற்று? கணக்குப் போடுங்கள். அடுத்த வகுப்பில் ஒவ்வொருவரும் படித்துக் காட்டலாம்.