பொதுவாழ்வில் தூய்மையும் அயல்நாட்டு நட்பும்

(நெய்வேலி நகரியத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று எமக்கு அளிக்கப்பெற்ற பொருள் இரு கூறுடையது. ஒன்று, பொதுவாழ்வில் ஈடுபடுவோர்க்கு இருக்கவேண்டிய நேர்மை. மற்றொன்று, ஒரு நாடு தன் அயல்நாட்டுடன் கொள்ளும் உறவு. முன்னது தனி மனிதனுடைய உள்ளத்தைப் பற்றியது. பின்னது அமைச்சர்க்கும் தூதுவர்க்கும் உரியது. இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்துப் பேசுதல் எங்ஙனம் பொருந்தும் எனச் சிலர் ஐயுறலாம். நம் முன்னோர் அங்ஙனம் ஐயுற்றிலர். வள்ளுவப் பெருந்தகையார் தூது என்பதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதன்கண் தூதனுக்குரிய பண்புகளை எண்ணும் ஓரிடத்தில் தூய்மையை முதற்கண் நிறுத்தினார். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் படை கொண்டு சென்றாரல்லர். அவர்தம் சொல்லுக்குப் பின் நின்றது அவர்தம் வாழ்வேயாம். சொல்லுகின்றவன் தூயனாயின் அவன் சொல் அயலான் அவையிலும் நிற்கும். அன்றேல் முத்திரையிட்ட ஓலையும் வெற்றோலையே.

இதனை விளக்கப் பழங்காலத்திற்கே செல்லவேண்டுவதில்லை. நம் ஊருக்கு அணித்தே, நம் பாட்டன்மார் கண்ட காலத்தே நிகழ்ந்த ஒன்றனை எடுத்துக்கொள்வோம்.

1956 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் நெய்வேலியின் வரலாற்றில் மறக்கவொண்ணாதது. அத்திங்கள் 14 ஆம் நாள் நம் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. ஒன்பது நாள் கழித்து, 23 ஆம் நாள் விடியற்காலையில், விருத்தாசலத்திற்குத் தெற்கே அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் பெருவெள்ளத்தால் நிலைகுலைந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி அந்த ஆற்றில் வீழ்ந்தது. 140 பேருக்கு மேல் மாண்டனர். உறங்கியவர் உறங்கியவாறே வெள்ளத்திற் போயினர்.

அந்நாளில் மத்திய ரயில்வே அமைச்சராயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரியார். அவ்வாண்டிலேயே சில திங்கட்கு முன் மகபூப்நகரில் நேர்ந்த ரயில் விபத்தின்போதும் அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு இசைந்திலர். அரியலூர்த் துயருக்குப் பின் மீண்டும் விலகல் கடிதம் தந்தார். இம்முறை அது ஏற்கப்பட்டது. விபத்துக்கு அவர் காரணர் என்பதனால் அன்று, பொறுப்புடைய ஆட்சிக்கு ஒரு முன்மாதிரி அமையவேண்டும் என்பதனாலேயே ஏற்பதாக நேரு பாராளுமன்றத்தில் விளக்கினார்.

ஈண்டு ஒரு வினா எழும். அமைச்சரா பாலத்தைக் கட்டினார்? அமைச்சரா மழையை வருவித்தார்? இல்லை. சட்டம் அவரைக் குற்றவாளி என்னாது. ஆயினும், தமக்குக் கீழ் நடப்பன எல்லாவற்றிற்கும் தாமே விடை கூறக் கடமைப்பட்டவர் என அவர் கருதினார். புகழ் வருங்கால் தலைவனும், பழி வருங்கால் எழுத்தனும் முன்னிற்பது உலகத்து வழக்கம். அவ்வழக்கத்தை அவர் மாற்றினார். சட்டம் கேட்பதற்கு மேலாக மனச்சான்று கேட்பதனைக் கொடுத்தலே நேர்மை என்பது எம் துணிபு.

இது ஒருநாட் செயலன்று. அவர்தம் வாழ்வின் இயல்பு. 1963 இல் காமராசர் வகுத்த திட்டப்படி, கட்சிப் பணிக்காக உள்துறை அமைச்சைத் துறந்தார். காமராசரும் தாம் சொன்னதற்குத் தாமே சான்றாக முதலமைச்சர் பதவியை விட்டொழித்தார். அக்காமராசர் முன்னின்று ஒருமனப்படுத்த, 1964 சூன் திங்களில் சாஸ்திரியார் பிரதமரானார். பிரதமராயிருந்த காலத்து ஒரு மோட்டார் வண்டி வாங்க 5,000 ரூபாய் வங்கிக் கடன் பெற்றார். அவர் மறைவுக்குப்பின் அவர் துணைவியார் அக்கடனைக் கட்டித் தீர்த்தார் என அவர் குடும்பத்தார் கூறுவர். நாட்டில் உணவு முட்டுப்பட்டபோது, வாரத்தில் ஒருவேளை உணவை விடுமாறு மக்களை வேண்டினார். மக்கள் அதனைக் கேட்டனர். தாம் உண்டு பிறரைப் பட்டினி கிடக்கச் சொல்பவர் அல்லர் என்பதை அறிந்தமையாற் கேட்டனர்.

இனி அயல்நாட்டுறவுக்கு வருவோம். 1965 இல் பாகிஸ்தானத்துடன் போர் மூண்டது. போர் நின்றபின், சோவியத்துப் பிரதமர் கொசிகின் நடுநிற்க, 1966 சனவரி 10 ஆம் நாள் தாஷ்கண்டு நகரில் சாஸ்திரியாரும் அயூப்கானும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். போருக்கு முன்னிருந்த எல்லைக்கே இருபடைகளும் திரும்பவேண்டும் என்பது அதன் கருத்து. நம் வீரர் குருதி சிந்திக் கைக்கொண்ட ஹாஜி பீர்க் கணவாயும் திருப்பித் தரப்பட்டது. இதனை ஒவ்வாது மகாவீர் தியாகி என்னும் அமைச்சர் பதவி துறந்தார். வென்ற நிலத்தை விடுத்தல் பெருமை தருவதன்று. எனினும் அமைதி நாடிச் செய்தார் ஒருவர். அதனை ஏற்க மனமில்லாதார் பதவியிற் ஒட்டிக்கொண்டிராது விலகினார் மற்றொருவர். நேர்மையாளர் இருவர் கருத்தில் வேறுபடலாம். பதவியின்மேல் பற்றின்மையில் வேறுபட்டிலர். கையொப்பமிட்ட அவ்விரவே சாஸ்திரியார் அங்கேயே உயிர் நீத்தார்.

இம்மட்டில் நிறுத்தினால் எம் பேச்சு வெறும் புகழுரையாகும். ஆகலின் அவர் செய்த மற்றோர் உடன்படிக்கையையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அது நம் தமிழ்மக்களைப் பற்றியது.

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து சென்றோரின் வழித்தோன்றல்கள், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றவராயினர். மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பது என்பது அது. எஞ்சியோரும் 1974 இல் செம்பாதியாகப் பகுக்கப்பட்டனர்.

அயல்நாட்டு நட்பை நிலைநிறுத்தவேண்டும் என்னும் நன்னோக்கம் இதில் இருந்தது. ஆயின், பகுக்கப்பட்டவை நெல்மூட்டைகள் அல்ல, குடும்பங்கள். எந்த நாட்டில் வாழ விரும்புகிறீர் என அம்மக்களை முதற்கண் கேட்டுக் கணக்கிட்டாரில்லை. எண்ணை முன்னே வரைந்து, மக்களைப் பின்னே அதனுள் அடைத்தனர். மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் இதனை எதிர்த்தார். உடன்பிறந்தார் கடலின் இருகரையிலும் பிரிந்தனர். இங்கு வந்தோர்க்கு வாழ்வளிக்க 1968 இல் நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அங்கே எஞ்சி நாடற்றிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே இலங்கைக் குடியுரிமை வழி திறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு ஒரு மக்கட் கூட்டம் வாயிலில் நின்றது!

இதனால் யாம் அறிவது யாது? தன்னலம் இன்மை நேர்மையின் முதற்பாதியே. தன் முடிவாற் சுமை தாங்குவோர் யாவர் என வினவி, அவர் வாய்ச்சொல்லைக் கேட்டல் அதன் மறுபாதி. தூயவர் செய்த உடன்படிக்கையாயினும், சுமப்பவரைக் கேளாது செய்தது குறையுடையதே.

இவ்வுண்மை நெய்வேலியில் வாழும் நமக்குப் புதிதன்று. மேற்குச் செருமனியின் மண்ணகழும் பொறிகளும், சோவியத்து நாட்டு உதவியால் எழுந்த அனல்மின் நிலையமும், பகைமுகாம்களைச் சேர்ந்தனவாயினும் இம்மண்ணில் ஒருங்கே இயங்கின. அயல்நாட்டு நட்பின் பயனை நாம் அன்றாடம் விளக்கொளியிற் காண்கிறோம். ஆனால் அவ்வொளிக்காக நிலமும் மனையும் குலதெய்வக் கோயிலும் விட்டு அகன்ற சிற்றூரார் பலர். அவர்தம் மக்கள் இவ்வவையிலும் அமர்ந்துள்ளனர். முடிவு ஒருவர் கையிலும் சுமை வேறொருவர் தலையிலும் இருத்தல் எத்தகையது என்பதை அவர்க்கு யாம் எடுத்துரைக்கவேண்டுவதில்லை.

நம் சுரங்கத்தில் மற்றொரு பாடமும் உண்டு. நிலக்கரிப் படுகையின் அடியில் பேரழுத்தத்துடன் நீர் நிற்கிறது. அதனை இரவுபகல் இறைத்து அழுத்தத்தைத் தணியாவிடின், நீர் சுரங்கத் தளத்தைப் பிளந்து மேலெழும். பொதுவாழ்வில் தன்னலமும் அத்தகையதே. ஒருநாள் இறைத்தோம், இனி இல்லை என்று ஓய்ந்திருத்தல் ஆகாது.

அன்பர்களே! நம் சங்கமும் ஒரு சிறு நாடே. இதற்கும் பதவி உண்டு, பொருட்சாலை உண்டு, அயலாரும் உண்டு. ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, பொறுப்பேற்றோர் தம் காலத்துக் கணக்கைக் கேளாமுன்னரே அவையில் வைக்கவேண்டும். தம் கீழ்ப் பிழை நேரின் பிறர்மேல் ஏற்றாது தாமே விடை கூறவேண்டும். இரண்டாவது, தவறு செய்தவன் நம்மவன் என்பதற்காக அதனை மூடி மறைத்தல் கூடாது. சாதிச் சங்கங்களைப் பிடித்த பெருநோய் இதுவே. நம்மவன் குற்றத்தை நாமே கண்டிப்போமாயின், நம்மவனுக்குத் தீங்கு நேர்ந்து நாம் முறையிடுங்கால் அயலார் நம்புவர். மறைப்போமாயின் நம் மெய்யும் பொய்யாகும். மூன்றாவது, அயல் மரபினரோடு பாதை, குளம், திருவிழா ஆகியன பற்றி உடன்பாடு காணுமிடத்து, தலைவர் நால்வர் மட்டும் கூடி முடிவு செய்யாது, அம்முடிவைச் சுமக்கும் எளியோரையும் பெண்டிரையும் கேட்டே செய்தல் வேண்டும்.

நாடுகளுக்கிடையே அமைதி பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டாதிருக்கலாம். அண்டை வீட்டாரோடும் அண்டைத் தெருவாரோடும் பேசும் வாய்ப்பு நாள்தோறும் கிட்டுகிறது. அங்கே சொல் தவறாது ஒழுகும் பிள்ளைகளை நாம் வளர்ப்போமாயின், நாளை அவர்கள் நாட்டின் அவையில் அமருங்கால் அவர்தம் சொல் கடல் கடந்தும் நிற்கும்.