இரட்டை வன்தட்டுக்குக் காவல்



முன்னாளிலே குடும்பத்தின் காணி உறுதிகளும் சாதகங்களும் புகைப்படங்களும் பெட்டகத்திற் பூட்டி வைக்கப்பட்டன. இன்றோ அவற்றின் பிரதிகளும், பிள்ளைகளின் படங்களும், காலஞ்சென்ற பெரியோரின் குரற்பதிவுகளும் வீட்டுக் கணினியின் வன்தட்டிலே இருக்கின்றன. வன்தட்டு என்றாவது ஒருநாள் பழுதடையும் பொருள். ஆகவே, சிலர் கணினியில் இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தி, ஒன்றில் எழுதப்படுவது யாவும் மற்றதிலும் எழுதப்படுமாறு செய்கின்றனர். இதனைக் கண்ணாடி முறை என்பர். 1988ஆம் ஆண்டிலே, பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் மூவர், சிறு தட்டுகள் பலவற்றை இணைத்துப் பயன்படுத்தும் முறைகளை வரிசைப்படுத்தி, அவற்றுக்கு 'றெயிட்' என்று பெயரிட்டனர். அவ்வரிசையில் முதலாவதாக நிற்பது இக்கண்ணாடி முறையே.

இம்முறையின் சிறப்பு யாது? ஒரு தட்டுப் பழுதானாலும் வேலை நில்லாது. இதன் ஆபத்து யாது? அதுவும் அதுவே. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் வண்டி நின்றுவிடும். வண்டிக்காரன் அக்கணமே அறிவான். கண்ணாடி முறையிலோ, ஒன்று வீழ்ந்த பின்னும் மற்றது தனித்து இழுத்துச் செல்லும். படங்கள் திறக்கும், கடிதங்கள் அச்சாகும். வீட்டார், இரண்டு தட்டுகள் காக்கின்றன என்ற நம்பிக்கையோடு, ஒற்றைத் தட்டின் தயவிலே மாதக்கணக்கில் வாழ்ந்திருப்பர். அதுவும் ஓய்ந்த நாளிலேதான் இரண்டு இழப்புகளையும் ஒருங்கே அறிவர். ஆகவே, காவல் இல்லாத இரட்டைத் தட்டு, காலப்போக்கில் ஒற்றைத் தட்டேயாகும்.

காவல் வைப்பது எங்ஙனம்? லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே தட்டுகளின் நிலையைக் கூறும் சிறு கோப்பொன்று உண்டு. இரண்டும் நலமாயின் 'யூ' என்னும் ஆங்கில எழுத்து இருமுறை தோன்றும்; ஒன்று விலகிவிட்டால் அதன் இடத்திலே வெறுங்கோடு நிற்கும். அக்கோப்பை நாள்தோறும் திறந்து பார்ப்பவர் யார்? எனவேதான் இணைப்பை நிருவகிக்கும் மென்பொருளுக்கே காவற்பணியும் தரப்பட்டுள்ளது. நமது முகவரியைக் கொடுத்து வைத்தால், தட்டு விலகியவுடன் அது மின்னஞ்சல் அனுப்பும். ஆயினும், அந்த அஞ்சல் நம்மை வந்தடைகின்றதா என்பதையும் சோதித்தறிதல் வேண்டும். சோதனைச் செய்தி அனுப்பும் வசதி அம்மென்பொருளிலேயே உண்டு. பேசாத காவற்காரன் நலமாயிருக்கின்றானா, உறங்குகின்றானா என்பது அழைத்துப் பார்த்தாலன்றித் தெரியாது.

இன்னுமொரு மறைவான பழுது உண்டு. பல்லாண்டு திறக்கப்படாத படமொன்று பதிந்த இடம் வாசிக்கவியலாததாகக் கெட்டுப்போயிருக்கலாம். மற்றத் தட்டு வீழ்ந்து, புதிய தட்டொன்றுக்கு யாவற்றையும் பிரதிசெய்யும் வேளையிலேதான் அக்கேடு வெளிப்படும். இதனைத் தவிர்க்க, மாதம் ஒருமுறை இரு தட்டுகளையும் முற்றாக வாசித்து ஒப்பிடுமாறு கணினியைப் பணித்தல் நலம். இரண்டும் நலமாயிருக்கும்போதே கேட்டைக் கண்டால், ஒன்றில் உள்ளதைக்கொண்டு மற்றதைத் திருத்தலாம்.

வன்தட்டுகள் தம் நலனைத் தாமே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாடும் உண்டு. அதனை முழுதும் நம்பலாமா? கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். முதலாவது வாசிப்புச் சோதனைப் பிழையைக் காட்டிய தட்டு, அதன்பின் 60 நாட்களுக்குள் பழுதடையும் வாய்ப்பு, பிழை காட்டாத தட்டினதைப்போல் 39 மடங்கு எனக் கண்டனர். ஆனால், வெப்பநிலையை விலக்கிப் பார்க்கையில், பழுதடைந்தவற்றுள் நூற்றுக்கு 36க்கு மேற்பட்டவை எவ்வித அறிகுறியும் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் மதியுங்கள். வராதது கொண்டு மகிழ்ந்திராதீர்கள்.

தட்டுகளின் தொடரிலக்கத்தை வெளியே தெரியுமாறு ஒட்டி வைப்பதும் அவசியம். பழுதானதென்று எண்ணி நல்ல தட்டைக் கழற்றிவிட்டால் எஞ்சியதும் போய்விடும். மேலும், ஒரு தட்டிலே தவறுதலாக அழித்த படம் மற்றதிலும் அக்கணமே அழியும். ஆதலால், வேறோர் இடத்திலே தனிப் பிரதியொன்று இருந்தே ஆகவேண்டும்.

நேயர்களே, இரண்டாவது தட்டு நமக்கு அளிப்பது சிறிது கால அவகாசம் மாத்திரமே. அந்த அவகாசம் தொடங்கிவிட்டது என்பதை உரிய வேளையில் அறிந்தவருக்கே அது பயன்படும்.