சாயங்காலம் வீடு திரும்பும் பிள்ளை



கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஏற்றது பரீட்சை வைத்து எடுக்கும் அரசுப் பள்ளியா, பேர்பெற்ற விடுதிப் பள்ளியா? நான் அரசுப் பள்ளிக் கட்சி.

இந்தக் கேள்வி நிஜமாகவே ஒரு வீட்டில் வந்தது. நானும் அங்கே இருந்தேன். நியூயார்க்கில், பிளஷிங் பிள்ளையார் கோயில் பக்கம், என் பழைய மாணவர் வீடு. அவர் மகளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு கடிதம். ஒன்று ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி. 1904-இல் தொடங்கிய மாநகரத்துப் பள்ளி. பரீட்சையில் தேறினால் இடம். சம்பளம் காலணா கிடையாது. இன்னொன்று நியூ ஹாம்ப்ஷயரில் பிலிப்ஸ் எக்ஸிடர் அகாடமி. 1781-இல் பிறந்த விடுதிப் பள்ளி. உதவித்தொகையும் தருகிறார்கள்.

அப்பா விடுதிக் கட்சி. அம்மா மௌனம். அம்மா மௌனமாக இருந்தால் அது சம்மதம் இல்லை என்பது கல்யாணம் ஆன எல்லாருக்கும் தெரியும். (சிரிப்பு)

எதிரணித் தலைவர் சொன்னார், எக்ஸிடரில் முட்டை வடிவ மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் கலந்து பேசிப் படிக்கிறார்கள் என்று. உண்மைதான். எட்வர்டு ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் 1930-இல் தந்த கொடையால் வந்த முறை. ஸ்டைவசன்டில் மூவாயிரம் பிள்ளைகளுக்கு மேல், நெரிசல்தான். ஆனால் ஐயா, மேசை நன்றாக இருந்தால் மட்டும் சாப்பாடு ருசிக்குமா? பக்கத்து இலையில் யார் என்பதும் வேண்டாமா?

அதே ஊரில், அதே மாதிரி பரீட்சை வைக்கும் பிராங்ஸ் சயன்ஸ் பள்ளி. 1950-இல் அங்கே படித்து முடித்த இரண்டு தோழர்கள், கிளாஷோவும் வைன்பர்க்கும். 1979-இல் இருவரும் அப்துஸ் சலாமோடு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கிளாஷோவின் அப்பா யார் தெரியுமா? குழாய் வேலை செய்தவர்! (கைதட்டல்)

எதிரணி அம்மையார் மடக்கினார்: "2019-இல் ஸ்டைவசன்டில் 895 பேருக்கு இடம், அதில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர்தானே?" ஆமாம் அம்மா, பெரிய குறைதான். மறைக்க மாட்டேன். ஆனால் அது ஊர்ச்சொத்து. ஊர்ப்பள்ளியில் குறை இருந்தால் ஊரே கூடிக் கேட்கலாம். தனியார் பள்ளியில் யார் போய்க் கேட்பது?

சரி, அந்த வீட்டுக்கு வருவோம். ஸ்டைவசன்டுக்கு 7-ஆம் நம்பர் ரயில் ஏறி, டைம்ஸ் சதுக்கத்தில் மாறிப் போக வேண்டும். "தினம் ரெண்டு மணி நேரம் வீண்" என்றார் அப்பா. அந்தப் பொண்ணு சொன்னது: "அப்பா, பதினெட்டு வயசுல நான் காலேஜுக்குப் போயிடுவேன். அப்புறம் வேலை. உங்களோட இருக்கப்போறது இந்த நாலு வருஷம்தான். அதையும் கொடுத்துடணுமா?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், என் மகனைப் பன்னிரண்டு வயதில் விடுதிப் பள்ளியில் விட்டவன் நான். நன்றாகப் படித்தான், பெயர் வாங்கினான். லீவுக்கு வருவான். தண்ணீர் கொடுத்தால் "தேங்க்ஸ்ப்பா" என்பான். சொந்த வீட்டில் இன்னொரு கரண்டி சாதம் கேட்கக் கூச்சப்படுவான். பள்ளியின் மேல் குற்றம் இல்லை, நடுவர் அவர்களே. பெற்ற பிள்ளையை விருந்தாளி ஆக்கியவன் நான்தான்.

அந்தப் பொண்ணு ஸ்டைவசன்டில்தான் சேர்ந்தாள். சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போதே "அம்மா, பசிக்குது!" என்று கத்துகிறாளாம். அந்தச் சத்தத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற பள்ளியே சிறந்த பள்ளி. (கைதட்டல்)