வானவில் நூலில் ஒரு பவளப்பாறை

(நம் குடியிருப்பின் கைவினை மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் ஊர்ப் பெயர் சிக்கல். நூல் வேலை பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர்க்காரி கிடைக்கமாட்டாள் என்று நம் செயலாளர் கிண்டல் செய்தார். சிங்காரவேலர் கோயில் இருக்கும் நாகப்பட்டினத்துச் சிக்கல் இல்லை. எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல். பக்கத்துக் கடற்கரை வாலிநோக்கம். அதற்கு அப்பால் மன்னார் வளைகுடா. இன்று நான் பேசப்போவது அந்தக் கடலையும் உங்கள் வீட்டு மிச்ச நூலையும் சேர்த்து.

உல்லன் நூல் என்றதும், "நம்ம வெயிலுக்கு ஸ்வெட்டரா?" என்று கேட்பீர்கள். ஸ்வெட்டர் வேண்டாம். நாம் ஒரு பவளப்பாறை பின்னுவோம்.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியர், மாணவர்களுக்கு ஒரு விசித்திரமான தளத்தைக் கையில் தொட்டுப் பார்க்கும்படி காட்ட நினைத்தார். ஓரத்துக்குப் போகப் போக விரிந்துகொண்டே இருக்கும் தளம் அது. கணிதத்தில் அதை அதிபரவளையத் தளம் என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கோழிக்கொண்டைப் பூவின் மடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள், போதும். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்துவிடும். அவர் குரோஷா ஊசியை எடுத்தார், வேலை முடிந்தது.

இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே நிற்கும். எண்ணிக்கை கூடக் கூட ஊசியில் இடமிருக்காது. குரோஷாவில் ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஒரே கண்ணிதான். அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் விரிக்கலாம்.

செய்முறை இதுதான். முதல் வரிசையில் 30 கண்ணிகள். அடுத்த வரிசையிலிருந்து, ஒவ்வொரு மூன்றாவது கண்ணியிலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு போடுங்கள். 30 என்பது 40 ஆகும், பிறகு 53, 70, 93. ஆறாவது வரிசையில் 124. அத்தனை கண்ணிகள் நேராக நிற்க இடமில்லாததால் ஓரம் தானாகவே சுருண்டு அலை அலையாய் மடியும். சங்கிலியும் சிங்கிள் குரோஷாவும் தெரிந்தால் போதும். கணக்கில் ஒன்றிரண்டு தவறினாலும் கவலையில்லை, இயற்கையில் எந்தப் பவளமும் அளவெடுத்து வளர்வதில்லை.

டைமினாவின் இந்த முறையைப் பிடித்துக்கொண்டவர்கள் மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டீன் வெர்தைம் என்ற அக்கா தங்கை இருவர். பெரும் பவளத்திட்டு இருக்கும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வளர்ந்தவர்கள். 2005-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு குரோஷா பவளப்பாறையைத் தொடங்கினார்கள். பிறகு பல நாடுகளில் பெண்கள் கூடித் தங்கள் ஊருக்கென்று ஒரு பாறையைப் பின்னினார்கள். 2019-ல் வெனிஸ் கலைக் கண்காட்சி வரை அது போனது.

அவர்கள் ஊர்க் கடலைப்போல எங்கள் ஊர்க் கடலிலும் பவளம் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986-ல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமும் ஆனது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த பாறை போனதும் தீவுக் கரை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில். 2001 முதல் பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் இருக்கிறது.

வெட்டுவதைச் சட்டம் போட்டுத் தடுக்கலாம். கடல் சூடாவதை அப்படித் தடுக்க முடியாது. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்கு நிறமும் பெரும்பங்கு உணவும் அந்தக் குடித்தனக்காரர் தருவதுதான். கோடையில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், பவளம் பாசியை வெளியேற்றிவிடும். உடனே வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். சீக்கிரம் சூடு தணிந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் இப்படி வெளுத்தது.

அதனால்தான் நம் பாறை வானவில் நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். உண்மையில் எங்கள் கடல் பவளத்தில் பழுப்பும் வெளிர்பச்சையும்தான் அதிகம். இருந்தாலும் வானவில் வரிசைக்கு ஒரு வசதி உண்டு. எல்லோர் வீட்டிலும் இருப்பது துண்டு துண்டான மிச்ச நூல். ஒருவர் சிவப்பும் இன்னொருவர் சிவப்பும் பொருந்தாது. ஆனால் ஊதா, கருநீலம், நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரிசைப்படுத்தி வைத்தால், பொருந்தாத நிறங்கள்கூட ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போகும். ஒயர் கூடை போட்டவர்களுக்கு இது புதிதில்லை. பிளாக்குக்கு ஒரு நிறம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கடைசியில் ஒரு மூலையை முழுக்க வெள்ளை நூலில் பின்னி வைப்போம். குழந்தைகள், "ஏன் ஆன்ட்டி இங்க மட்டும் கலர் இல்ல?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

மூன்று வேண்டுகோள். ஒன்று, இதற்கென்று புது நூல் வாங்காதீர்கள். நாம் உல்லன் என்று வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். துவைக்கும்போது உதிரும் இழை கடைசியில் கடலுக்குத்தான் போகும். கையில் இருப்பதைத் தீர்ப்போம். இரண்டு, பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து, ஒரு விரல் அகல நாடாவாக வெட்டினால் அதையும் குரோஷா போடலாம். வெர்தைம் சகோதரிகளும் பிளாஸ்டிக் குப்பையில் ஒரு தனிப் பாறை செய்திருக்கிறார்கள். மூன்று, ராமேஸ்வரம் பக்கம் சுற்றுலா போகும்போது யாராவது பவளத் துண்டை அழகுப் பொருளாக நீட்டினால் வாங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். அதைவிட, அது வளர எடுத்த வருஷங்கள் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் திரும்பி வராது.

ஒரு பின்னல் கடலைக் குளிர்விக்குமா என்று கேட்டால், விக்காது. ஆனால் ஒரு பவளத்தை ஒவ்வொரு கண்ணியாகப் பின்னிப் பார்த்தவருக்கு, மன்னார் வளைகுடா என்பது வெறும் செய்தித்தாள் தலைப்பாக இருக்காது.

பெரிய ஊசி உள்ளவர்கள் 4 மில்லிமீட்டர் ஊசியைக் கொண்டுவாருங்கள். இல்லாதவர்கள் மிச்ச நூலை மட்டும் கொண்டுவாருங்கள். நூல் சிக்கிக் கிடந்தாலும் பரவாயில்லை, பிரித்துத் தரச் சிக்கல்காரி நான் இருக்கிறேன்.