பிள்ளைகளின் உடையும் நெருப்பும்



சென்ற கார்த்திகைத் திருநாளன்று எம் இளைய மகளின் கவுனில் அகல்விளக்கின் சுடர் பற்றியது. பாட்டியார் கம்பளியால் சுற்றி அணைத்தமையால் உயிர் தப்பினாள். ஆயினும், உருகிய செயற்கை இழை காலில் ஒட்டிப் புண்ணாயிற்று. தழும்பு இன்றும் உளது. அக்கவுனைச் சந்தையில் பில்லும் இன்றி, அடையாளச் சீட்டும் இன்றி, மினுமினுப்பை மட்டுமே கண்டு வாங்கியவர் யாமே.

இத்துயர் நமக்கு மட்டும் உரியதன்று. 1940-களில் அமெரிக்க நாட்டில், பஞ்செழுப்பிய ரேயான் துணியாலான வேட உடைகள் தீப்பற்றிச் சிறுவர் சிலர் மாண்டனர். அதன் பின்னரே, 1953-இல் தீப்பற்றும் துணிகள் பற்றிய சட்டம் அங்கே பிறந்தது. 1994 ஆகஸ்டு மாதத்தில், நம் இந்தியாவிலிருந்து சென்ற ரேயான் பாவாடைகள் ஏறத்தாழ 2,50,000 அந்நாட்டில் திரும்பப் பெறப்பட்டன. செய்தித்தாளினும் விரைந்து அவை எரிந்தமையே காரணம்.

"நம் அருகில் பாலராமபுரத்துக் கைத்தறிப் பருத்தி இருக்க, அச்சம் ஏன்?" என்பீர்கள். பருத்தி உருகி ஒட்டாது என்பது மெய். ஆயினும் பருத்தியும் எரியும். மெல்லியதாய்த் தொங்கும் துணி விரைந்தே எரியும். ஆதலின், விளக்கருகிலும் அடுப்பருகிலும் பிள்ளைகட்கு உடலை ஒட்டிய உடையே நன்று.

இரயில்வேயில் பார்சல் எழுதும் யாம் ஒன்று அறிவோம்: குறியில்லாப் பொதியை உரியவரிடம் திருப்புதல் அரிது. உடையும் அத்தகையதே. அபாயமான பொருள்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அளித்துள்ளது. 1915 என்னும் எண்ணில் முறையிடலாம். ஆனால் பில்லும் சீட்டும் இல்லாத எம் கவுனை எவரிடம் திருப்புவது? எம்மைப் போல் நீங்களும் நிற்றல் வேண்டா.

உடையில் தீப்பற்றின் பிள்ளையை ஓடவிடாதீர்கள். தரையில் கிடத்தி உருட்டுங்கள், அல்லது கனத்த கம்பளியால் மூடுங்கள். புண்ணின் மீது 20 நிமிடம் குளிர்ந்த நீர் ஓடட்டும். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். மையும் பற்பசையும் பூசாது மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வரும் பண்டிகைக்குத் துணி எடுக்கும்போது, அழகைப் பார்க்குமுன் சீட்டைப் பாருங்கள். பில்லைக் கேட்டுப் பெறுங்கள். எம் மகளின் தழும்பு நம் காலனியில் கடைசித் தழும்பாகுக!