பொறம்போக்கு என்ற சொல்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிப் பேசணும்னா முதலில் ஒரு சொல்லைப் பேசியாக வேண்டும். பொறம்போக்கு. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அதற்கு அர்த்தம், யார் பேரிலும் பட்டா இல்லாத, வரி வராத நிலம். ஊர்வாயில் அது வசவு. அந்த வசவை அதிகம் வாங்கியவர்கள் நாம். எத்தனையோ சேரிகள் நிற்பதும் பொறம்போக்கில்தான்.

நான் வங்கியில் குமாஸ்தா. பட்டா இல்லாத மண்ணை வங்கி ஈடாக எடுக்காது. கணக்கில் அதன் மதிப்பு சைபர். அந்த சைபருக்குள்ள என்ன நடக்குது? கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரும் கடல்தண்ணீரும் கலக்குது. தினமும் கடல் ஏறி வத்துற அந்தச் சேற்றில் இறாலும் நண்டும் வளருது. இருளர் மக்கள் தண்ணிக்குள் இறங்கி வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கிறாங்க. மழைக்காலத்தில் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குள் புக வேண்டிய வெள்ளத்தைச் சதுப்பு வாங்கிக்கொள்கிறது.

இவ்வளவும் செய்கிற இடத்தை வெற்றிடம் என்று நினைத்ததால்தான் அனல்மின் நிலையச் சாம்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்த பிறகும் அது நிற்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. வலையும் படகும் மட்டுமா கறுத்தது? வீட்டுச் சுவர்களும் கறுத்தன.

இதைச் சுற்றுச்சூழல் பிரச்சினை என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. தண்ணிக்குள்ளயும் சாதி இருக்கு. எண்ணூரிலிருந்து வடக்கே கால்வாய் வழி போனால் பழவேற்காடு ஏரி. அங்கே ‘பாடு’ என்றொரு முறை. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை விரிப்பது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. நல்ல கூட்டு ஏற்பாடு என்று பாராட்டுவோர் உண்டு. ஆனால் பரம்பரையாக வந்த அந்த முறையில் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் இடம் தரப்படவில்லை.

கழிமுகத்தை மீட்கும் போராட்டத்தில் நாம் நிற்கத்தான் வேண்டும். நிற்கும்போதே கேட்போம்: மீட்ட தண்ணீரில் யாருக்கு முறை? நஷ்டஈடு என்றால் படகை எண்ணுகிறார்கள், வலையை எண்ணுகிறார்கள். வெறுங்கையை எண்ணுவது யார்? “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தோழர்” என்பார்கள். அந்த ‘அப்புறம்’ நமக்குப் பழக்கமான சொல்தான். படகில்லாதவர் பெயரையும் எழுது என்பது கோரிக்கைப் பட்டியலில் முதல் வரியாக வர வேண்டும், கடைசி வரியாக அல்ல.